ஹேங் ஆகும் கணினி: ஃபார்மட் செய்யாமல் சரிசெய்த வரிசை

மேசைக் கணினி. சாட்டா எஸ்எஸ்டியில் (கேபிள் வழியாக மதர்போர்டில் இணையும், சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) விண்டோஸ் 11, ஃபோட்டோக்களுக்கென்று தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ராம் குச்சிகள் இரண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அரை நிமிடம் அப்படியே நின்றுவிடும், பிறகு தானாக ஓடும். வாரத்துக்கு இரண்டு புளூ ஸ்கிரீன். கணினி ஆன் ஆகி உபயோகத்துக்கு வர நான்கு நிமிடம். இப்படி ஒரு கணினியைப் பார்த்ததும் யாரும் சொல்வது "ஃபார்மட் பண்ணிடு" என்பதுதான். அதைக் கடைசிவரை செய்யவில்லை. ஃபார்மட் செய்தால் விண்டோஸ் எழுதிவைத்த பதிவுகளான லாக் எல்லாம் போய்விடும்; கோளாறு வன்பொருளில் இருந்தால் புதிதாகப் போடும் விண்டோஸும் அதே கோளாறின் மேல்தான் போய் உட்காரும்.

முதல் வேலை பேக்கப். டிஸ்க்கின் மேல் சந்தேகம் இருக்கும்போது சோதனை செய்வதே அதற்கு ஒரு சுமை என்பதால், முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிரைவுக்கு நகலெடுத்த பிறகுதான் மற்றவை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) ஆனில் இருந்தால் ரிகவரி கீயையும் இப்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புகளில், கை வைக்கும்போது கணினி அதைக் கேட்கக்கூடும், அந்த நேரத்தில் தேட முடியாது.

அடுத்து, ஹேங் எந்த வகை என்று பார்க்க வேண்டும். நின்றுபோன நேரத்தில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் கீபோர்டில் விளக்கு மாறுகிறதா? மாறாவிட்டால் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலே நின்றுவிட்டது. ராம், மின்சாரம், டிரைவர் பக்கம் தேட வேண்டும். இங்கே விளக்கு மாறியது, மவுஸ் அம்பும் நகர்ந்தது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு சில நொடி ஓடிவிட்டு நின்றது. அதாவது ராமில் ஏற்கெனவே ஏறியிருப்பது ஓடுகிறது, டிஸ்க்கிலிருந்து புதிதாக வர வேண்டியதுதான் வரவில்லை.

இதை உறுதிசெய்ய டாஸ்க் மேனேஜர் போதும், ஆனால் முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். ஹேங் ஆன பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அந்த நிரலும் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் காத்திருக்கும். திறந்து, செட்டிங்ஸில் ஆல்வேஸ் ஆன் டாப் போட்டு, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஓரமாக விட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பார்த்தோம். ஹேங் வந்தபோது தெரிந்தது இதுதான்: சிபியு 4 சதவீதம், ராம் 45 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். படிக்கும் வேகம் 0, எழுதும் வேகம் 0.

இந்த 100-ஐப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். அது டிஸ்க் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு இல்லை. எவ்வளவு நேரம் ஏதோ ஒரு கோரிக்கை அதனிடம் நிலுவையில் இருந்தது என்ற கணக்கு. 100 சதவீதமும், நொடிக்கு 150 எம்பியும் சேர்ந்து வந்தால் அது நேர்மையான உழைப்பு. அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் இண்டெக்ஸ் என்று ஏதோ ஒரு வேலை நடக்கிறது, ரிசோர்ஸ் மானிட்டரில் எந்தக் கோப்பு என்றே பார்த்துவிடலாம். 100 சதவீதமும் 0 எம்பியும் சேர்ந்து வந்தால் டிஸ்க் பதிலே சொல்லவில்லை. பக்கத்திலேயே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் இருக்கும். சாதாரண நேரத்தில் எஸ்எஸ்டிக்கு ஓரிரு மில்லிசெகண்ட், ஹார்ட் டிஸ்க்குக்குப் பத்து இருபது. இங்கே பல ஆயிரங்களில் நின்றது. சர்வீஸை நிறுத்து, இண்டெக்ஸை அணை என்ற யோசனைகளெல்லாம் இந்த இடத்திலேயே அடிபட்டுப்போயின.

அடுத்து, விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். ஃபில்டர் கரண்ட் லாகில் 7, 11, 41, 51, 129, 153, 1001 என்ற பதிவு எண்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் வேண்டாதது போய்விடும். 129 என்பது பதில் வராததால் டிவைஸை ரீசெட் செய்தேன் என்ற பதிவு. 153, படித்தலையோ எழுதலையோ மீண்டும் முயன்றேன் என்ற பதிவு. ஒவ்வொரு ஹேங்கின் நேரத்தையும் தாளில் குறித்து வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது: நிமிடம் பிசகாமல் 129 இருந்தது. எந்த டிஸ்க் என்பதை 153 சொல்லிவிடும். அதில் வரும் டிஸ்க் எண்ணை டிஸ்க் மேனேஜ்மென்டில் உள்ள எண்ணோடு வைத்துப் பார்த்தால் போதும். இங்கே டிஸ்க் 0, விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி.

41-ஐப் பற்றி ஒரு வார்த்தை. கர்னல்-பவர் என்ற பெயரைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. புளூ ஸ்கிரீன் வந்தாலும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும்.

அடுத்து ஸ்மார்ட் விவரங்கள், அதாவது டிரைவ் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் எண்கள். அவற்றைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் நீல நிறத்தில் "குட்" என்று இருந்தது. அந்த வண்ணத்தை நம்பி மூடிவிடக் கூடாது, கீழே வரிசையாக உள்ள எண்களைப் பார்க்க வேண்டும். 5 என்பது ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 சரிசெய்ய முடியாதவை. திரையில் இவை 05, சி5, சி6 என்று இருக்கும். இந்த மூன்றில் ஒன்று ஏறிக்கொண்டே போனால் டிரைவை மாற்றுவதுதான் வழி. இங்கே மூன்றும் 0. ஆனால் 199, அதாவது சி7-இல், 200 என்றிருந்தது. அந்த நிரல் வழக்கமாக ஹெக்ஸ் எண்ணில் (பதினாறின் அடிப்படையில்) காட்டும் என்பதால் உண்மையான எண்ணிக்கை 512. மெனுவில் ரா வேல்யூஸைத் தசமத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

199 டிரைவின் உடம்புக்குள் நடப்பதை எண்ணுவதில்லை. மதர்போர்டுக்கும் டிரைவுக்கும் நடுவே போன தரவு வழியில் சிதைந்து சேர்ந்தால் அங்கே ஒன்று கூடும். காரணம் பெரும்பாலும் கேபிள். அந்த எண் ஒருபோதும் குறையாது என்பதால் அது எத்தனை என்பதைவிட ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. குறித்துக்கொண்டு, 20 ஜிபி ஃபோல்டர் ஒன்றை நகலெடுத்துவிட்டுப் பார்த்தபோது 531. அதே திரையில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இன்னொரு சாட்சியும் இருந்தது: சாட்டா 300, அதற்குப் பக்கத்தில் சாட்டா 600. முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது டிரைவால் முடிந்த வேகம். இணைப்பில் பிழை கூடினால் வேகத்தை ஒரு படி இறக்கிக்கொள்வது உண்டு. (மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்ஈ டிரைவில் கேபிளே இல்லை, இந்த எண்களும் இருக்காது. அங்கே மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ், பர்சன்டேஜ் யூஸ்டு இரண்டையும் பாருங்கள்.)

கேபிளைத் தொடும் முன் ஒரு வேக அளவீடு. பிறகு ஒப்பிட எண் கையில் இருக்க வேண்டுமே. மற்ற நிரல்களை எல்லாம் மூடிவிட்டு, வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் 1 ஜிபி, 5 சுற்று. தொடர் படித்தல் நொடிக்கு 270 எம்பி வந்தது. சாட்டா எஸ்எஸ்டிக்கு 500-க்கு மேல் வர வேண்டும். விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். அன்றாட உபயோகத்தில் கை உணர்வது கடைசி வரிசையான 4கே, கியூ 1, அதாவது சிறு சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையாளும் வேகம். ஹார்ட் டிஸ்க்கில் அது 1 எம்பியைச் சுற்றி நிற்கும், சாட்டா எஸ்எஸ்டியில் 20 முதல் 40 வரை. இதனால்தான் எஸ்எஸ்டி போட்ட பழைய கணினி புதிது போலத் தெரிகிறது.

மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத் திறந்தோம். பழைய சாட்டா கேபிள், டிரைவுக்கு ஒட்டினாற்போலச் செங்குத்தாக மடிந்து, பக்கக் கதவின் அழுத்தத்திலேயே இருந்தது. முனையில் இருக்க வேண்டிய உலோகக் கொக்கியும் இல்லை. கொக்கி உள்ள புதுக் கேபிள், மதர்போர்டில் வேறொரு போர்ட். ஆன் செய்ததும் சாட்டா 600, தொடர் படித்தல் 545, அதே 20 ஜிபி நகலுக்குப் பிறகும் 199-இன் எண் 531. அரை நிமிட ஹேங் அதோடு நின்றது.

புளூ ஸ்கிரீன் நிற்கவில்லை. அது வேறு நோய். இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தால் கேபிள் மாற்றியும் பயனில்லை என்ற தப்பான முடிவுக்கு வந்திருப்போம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதை மைக்ரோசாஃப்டின் விண்டிபக் நிரலில் திறந்து அனலைஸ் கொடுத்தால் பிழையின் பெயர் சொல்லும். ஐந்து கோப்புகளில் மெமரி மேனேஜ்மென்ட் இரண்டு, பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா இரண்டு, இன்னொன்று வேறு. குற்றம் சாட்டப்பட்ட டிரைவர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் பிடிக்கலாம். கண்டபடி மாறினால் ராமைச் சோதிக்க வேண்டும்.

விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நம்ப முடியாது. ஆகவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து, நான்கு பாஸ் (முழுச் சுற்று) முடிய ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். முதல் பாஸ் சுத்தம். இரண்டாவதில் 11 பிழை. எத்தனை என்பது முக்கியமில்லை, ராமில் ஒரு பிழைகூட அனுமதி இல்லை.

உடனே குச்சியைக் குற்றம் சொல்லவில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன்மேல் எழுதியுள்ள வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருந்தது: டிடிஆர்4, 3200, 1.35 வோல்ட். அணைத்தால் 2666-க்கும் 1.2 வோல்ட்டுக்கும் வந்தது, நான்கு பாஸும் சுத்தம். மறுபடி எக்ஸ்எம்பி போட்டு, ஒரு நேரத்தில் ஒரே குச்சி, சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில். ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை. தேறாததை நான்காவது ஸ்லாட்டில் வைத்தும் அதே பிழை. ஆக ஸ்லாட்டும் போர்டும் நன்றாக இருக்கின்றன, அந்தக் குச்சிதான் தன்மேல் எழுதியுள்ள வேகத்துக்கு நிற்கவில்லை. மாற்று வரும்வரை 2666-லேயே ஓட்டினோம், புளூ ஸ்கிரீன் வரவில்லை. மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. வேறு வேறு குச்சிகளைக் கலந்தால் இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டிவரும்.

வன்பொருள் சுத்தமான பிறகுதான் விண்டோஸ் கோப்புகள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கெட்ட ராமை வைத்துக்கொண்டு கோப்புகளைப் பழுதுபார்த்தால், பழுதுபார்க்கும் கோப்பே சிதைந்து எழுதப்படலாம். நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறந்து முதலில் டிஸ்ம் கட்டளை, ஆன்லைன், க்ளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று ஸ்விட்சுகளுடன். அது முடிந்த பிறகு, சிதைந்த விண்டோஸ் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். எஸ்எஃப்சி மாற்றுக் கோப்புகளை எடுப்பது விண்டோஸின் கம்பொனென்ட் ஸ்டோர் என்ற கோப்புக் கிடங்கிலிருந்து. அந்த ஸ்டோரைச் சரிசெய்வது டிஸ்ம். தலைகீழாகச் செய்தால் "சிதைந்த கோப்புகள் உள்ளன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்ற செய்தி கிடைக்கலாம். டிஸ்ம் இடையில் ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும், மூடிவிட வேண்டாம். இங்கே ஸ்டோர் சரியானது, எஸ்எஃப்சி முதல் ஓட்டத்தில் சிலவற்றை மாற்றியது, ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டியபோது ஒன்றுமில்லை என்றது. அப்படியும் தேறாவிட்டால் அதே மொழியின் விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளிருந்தே செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையில் ஸ்கேன் ஸ்விட்ச் மட்டும் போதுமானதாக இருந்தது. 197 ஏறும் டிரைவில் ஆர் ஸ்விட்சைப் போடாதீர்கள், பேக்கப் எடுக்கும் முன் நிச்சயம் வேண்டாம். ஒவ்வொரு செக்டாராக மணிக்கணக்கில் படிக்கும், சாகக்கிடக்கும் டிரைவ் அதிலேயே போய்விடலாம்.

மிச்சம் இருந்தது மெதுவாகத் துவங்குவது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப்டைம் ஒன்பது நாள் காட்டியது, தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்தும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது கர்னலை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து உறங்குவதுதான். டிரைவர்களின் பழைய நிலை மறுநாளும் தொடரும். முழுதாக அணைய ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன். பிறகு க்ளீன் பூட்: எம்எஸ்கான்ஃபிகில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மற்ற 24-ஐயும் அணைத்தால் துவக்கம் 25 நொடி. பாதியை ஆன் செய்து ரீஸ்டார்ட், மெதுவானால் அந்தப் பாதியில் பாதி. ஐந்தே ரீஸ்டார்ட்டில் பிடிபட்டது, எப்போதோ தூக்கிப்போட்ட ஸ்கேனருக்கான உதவி சர்வீஸ். இணைப்பிலேயே இல்லாத கருவியைத் தேடி ஒவ்வொரு முறையும் காத்திருந்திருக்கிறது. அந்த எம்எஸ்கான்ஃபிகில் பூட் பக்கத்தில் பிராசசர் எண்ணிக்கை, மேக்சிமம் மெமரி என்று இரண்டு பெட்டிகள் உண்டு. அவற்றில் எண் போட்டால் வேகம் கூடும் என்ற யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவை குறைப்பதற்கான பெட்டிகள், தொட வேண்டாம்.

வெப்பநிலையை ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் இருபது நிமிட முழுச் சுமையில் பார்த்ததில் 78 டிகிரியைத் தாண்டவில்லை, சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் த்ராட்டிலிங் இல்லை.

அதன்பின் மூன்று வாரம், கோளாறுகளை நாள்வாரியாகக் காட்டும் ரிலையபிலிட்டி மானிட்டரில் ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை. ஈவென்ட் வியூவரில் புதிதாக 129 இல்லை. 199-இன் எண் 531-லேயே நிற்கிறது. அந்த எண்ணையும் கேபிள் மாற்றிய தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.