நடுக்காட்டில் ஒரு மணற்கடிகாரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக 9 மணிக்கு, காட்டுக்குள் மூன்று பாதைகள் பிரியும் ஓரிடத்தில், வழி பார்ப்பதற்காக நான் எடுத்த கைப்பேசி ஒரு மணற்கடிகாரப் படத்தைக் காட்டி, எனக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. திரையைப் பார்த்தது போதும், வெளியே போய்க் காற்றை வாங்கு என்பதுதான் அந்தப் படத்தின் உட்பொருள். நானோ வேண்டிய அளவுக்கு மேலேயே வெளியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த அவமானத்துக்கு வித்திட்டது அதற்கு முந்தைய புதன்கிழமை இரவு. எங்கள் பிள்ளைகள் இருவரில் சின்னவனைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பல் துலக்கும்போதுகூட கையடக்கக் கணினியைத் தண்ணீர்க் குழாயின்மேல் சாய்த்து வைத்துக்கொள்பவன். பெரியவள் அவ்வளவு வெளிப்படையாகச் செய்யமாட்டாள். பாடப்புத்தகம் இருக்கும், அதற்குள் வேறொன்று இருக்கும். அன்றைக்கு வழக்கம்போல் வாராந்திரத் திரைநேர அறிக்கை வந்தது. நாள் ஒன்றுக்குச் சராசரி 5 மணி 20 நிமிடம் என்று அதில் இருந்ததைத் தீர்ப்பு வாசிப்பதுபோல நடுக்கூடத்தில் நின்று வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரையின்முன் உட்காரக் கூடாது என்று சொல்லப்பட்டிருப்பதையும் சேர்த்து வாசித்தேன். எங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை என்பதைப் பெரியவள் பணிவுடன் சுட்டிக்காட்டிவிட்டு, 44 வயதுக்கு எவ்வளவு என்று அதில் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டாள். என் குரல் உயர்ந்தது அந்த இடத்தில்தான்.

குரல் உயர்ந்த பிறகு செயலில் இறங்காவிட்டால் மரியாதை இல்லை. ஆகவே உணவு மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கையடக்கக் கணினியை எடுத்து, ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எல்லாச் செயலிகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தேன். இந்த விதி எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தவேண்டுமா என்று அது ஒரு கேள்வி கேட்டது. விதி என்றால் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கவேண்டும் என்ற பெருமிதத்தோடு, ஆம் என்று அழுத்தினேன். பிள்ளைகளின் கையடக்கக் கணினி என்னுடைய கணக்கில்தான் இயங்குகிறது என்பதும், அவர்களுக்கெனத் தனிக் கணக்கு தொடங்க இரண்டு ஆண்டுகளாக எனக்கு அலுப்பு என்பதும் அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து நான்கு இலக்கக் கடவெண் கேட்டது. எங்கள் வீட்டில் பெட்டி, பூட்டு, வங்கி அட்டை எதுவானாலும் எண் ஒன்றுதான். என் பழைய ஸ்கூட்டரின் பதிவெண். அது தெருவுக்கே தெரியும். ஆகவே இம்முறை யாராலும் ஊகிக்கமுடியாத ஓர் எண்ணை அந்தக் கணத்தில் உருவாக்கினேன். மறந்துவிடக் கூடாதே என்று அதை ஒரு தாளில் எழுதி, மிகப் பத்திரமான ஓரிடத்தில் வைத்தேன். அந்த இடம் இன்றுவரை பத்திரமாகவே இருக்கிறது. எது என்றுதான் தெரியவில்லை. அப்போது எதிரே சின்னவன் உட்கார்ந்து, என்றும் இல்லாத ஒழுக்கத்தோடு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

பூட்டினால் மட்டும் போதாது, பூட்டிய நேரத்தில் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போகவும் வேண்டும் என்று மனைவி சொன்னதால் காட்டு நடை ஏற்பாடாயிற்று. சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் 6 கிலோமீட்டர் பாதை. இயற்கையோடு ஒன்றவேண்டும், குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி போதும், அதுவும் வழி பார்க்க மட்டும் என்று நான் ஆணையிட்டதால், மனைவி தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டாள். நுழைவாயிலில் இருந்தவர் ஒரு காகித வரைபடத்தை நீட்டினார். எல்லாம் இதில் இருக்கிறது என்று கைப்பேசியைத் தட்டிக்காட்டிப் புன்னகைத்தேன். அவரும் புன்னகைத்தார், இரண்டும் ஒரே பொருளுடைய புன்னகை அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

ஏழு மணிக்குத் தொடங்கி முதல் இரண்டு மணி நேரமும், உண்மையைச் சொன்னால், பறவைகளைவிட என் குரலே அதிகம் கேட்டது. காட்டுக்குள் கைப்பேசிக் கோபுரத் தொடர்பு இல்லையே, வரைபடம் எப்படி வேலை செய்கிறது என்று சின்னவன் கேட்டுத் தொலைத்தான். இப்படியொரு கேள்விக்காகத்தான் நான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறேன். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன என்றும், கைப்பேசி அவற்றிடம் எதுவும் கேட்பதில்லை, வந்ததைக் காதுகொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான் என்றும், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும் என்றும் விளக்கினேன். ஐன்ஸ்டைன் சொன்னபடி அந்தக் கோள்களின் கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துகின்றன, அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை வந்துவிடும் என்று நான் தொடர்ந்தபோது, இவர் இப்படி நின்று நின்று பேசினால் வீடுபோய்ச் சேரவும் ஒரு நாள் ஆகும் என்று மனைவி சின்னவனிடம் சொன்னாள்.

அப்புறந்தான் அந்த முச்சந்தி வந்தது. அங்கே வழிகாட்டிக் கம்பம் இருந்தது. அதில் பலகை இல்லை. பெருமையோடு கைப்பேசியை எடுத்தேன். மணி 9. வரைபடச் செயலியின் படம் என் கண்முன்னே மங்கிச் சாம்பல்நிறமாயிற்று. இருபதாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஏறக்குறைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஓடிவந்த சமிக்ஞை, என் உள்ளங்கைவரை வந்து, நானே போட்ட பூட்டின் வாசலில் நின்றுவிட்டது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அந்தக் கருவிக்குத் துல்லியமாகத் தெரியும். எனக்குச் சொல்ல அதற்கு அனுமதி இல்லை.

முதலில் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டேன், பழக்கதோஷம். பிறகு அதைத் தலைகீழாக. பிறகு நான் பிறந்த ஆண்டு, திருமணமான ஆண்டு. திருமணமான ஆண்டை ஒருமுறை தவறாகப் போட்டதை மனைவி கவனித்தாள். அது தனிக் கதை, இன்னும் முடியவில்லை. தொடர்ந்து தவறான எண்களாகவே கொடுத்ததில், சற்றுநேரம் காத்திருந்து பிறகு முயலும்படி கைப்பேசி சொல்லிவிட்டது. பெரியவள் இதற்குள் குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள் அமையும்; ஒன்றுக்குப் பத்து நொடி வீதம் முயன்றால் 1,00,000 நொடி, அதாவது ஏறக்குறைய 28 மணி நேரம்; இடையில் வரும் காத்திருப்பு தனி. எப்படியும் மாலை 5 மணிக்குப் பூட்டு தானாகத் திறந்துவிடும் அப்பா, அதுவரை உட்கார்ந்திருப்பதுதான் சுலபம் என்று ஆறுதலும் சொன்னாள்.

ஒரு தகப்பன் பிள்ளைகள்முன் அப்படி உட்கார்ந்துவிட முடியுமா? கைக்கடிகாரத்தின் சிறிய முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பி, அந்த முள்ளுக்கும் 12-க்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது தெற்கைக் காட்டும் என்று சிறுவயதில் படித்திருந்தேன். வட அரைக்கோளத்துக்கான முறை அது. சூரியன் உச்சிக்கு ஏற ஏற நம்பகம் குறையும். ஆனால் அதற்கெல்லாம் முதலில் கடிகாரத்தில் முள் இருக்கவேண்டும். என் கையில் இருந்தது காலடி எண்ணும் கடிகாரம். அதில் எண்கள்தான் ஓடும். மரத்தில் பாசி படர்ந்திருக்கும் பக்கம் வடக்கு என்று அடுத்த அறிவை அவிழ்த்தேன். பெரியவள் பக்கத்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பாசி நாலு பக்கமும் இருக்கிறது, ஈரமும் நிழலும் இருந்தால் அது எந்தத் திசையிலும் வளரும் என்றாள். போதாக்குறைக்கு, வடக்கு எது என்று தெரிந்தாலும் நாம் வடக்கே போகவேண்டுமா இல்லையா என்பது யாருக்குத் தெரியும் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் திசைகளைப் பற்றிப் பேசவில்லை.

சரி, கையடக்கக் கணினிக்குப் போட்ட பூட்டு இதில் எப்படி வந்து விழுந்தது என்று நான் வாய்விட்டே வியந்தபோது, இரண்டும் ஒரே கணக்கு அப்பா, அதற்குப் போட்ட விதி இதற்கும் வரும் என்று பெரியவள் விளக்கினாள். நான் தலையாட்டினேன். பிறகு மெல்ல ஒரு நிசப்தம். மனைவிதான் அதைக் கலைத்தாள். அப்படியானால் வாராவாரம் வருகிற அந்த அறிக்கையிலும் இரண்டும் சேர்ந்துதானே வரும் என்றாள். எங்கோ ஒரு பறவை மூன்று முறை கத்திவிட்டு நிறுத்தியது. எந்தப் பறவை என்று கண்டுபிடித்துச் சொல்லும் செயலி என்னிடம் இருக்கிறது, அதுவும் பூட்டுக்குள்.

அந்த நேரத்தில்தான் சின்னவன், ஒரு பெரிய கல்லின்மேல் கால்களை ஆட்டியபடி, எண் எனக்குத் தெரியும் என்றான்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, ஏறக்குறைய கத்தினேன். நீங்கள் எண்களை அழுத்தும்போது உதட்டை அசைப்பீர்கள் அப்பா, எப்போதும் அசைப்பீர்கள், வங்கி இயந்திரத்திலும் அசைப்பீர்கள் என்றான். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக என்னோடு வாழும் எனக்கு இது தெரியாது. மனைவியைப் பார்த்தேன். அவள் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனவே அவளுக்கும் தெரியும்.

சொல்லடா என்றால் உடனே சொல்லிவிடுபவனா அவன்? மூன்று நிபந்தனைகள் வைத்தான். தெரிந்துகொண்டதற்காகத் திட்டக் கூடாது. புதன் இரவிலிருந்து எத்தனை முறை பயன்படுத்தினான் என்று எப்போதும் கேட்கக் கூடாது. அடுத்த கடவெண்ணை அவன்தான் வைப்பான். மூன்றாவதற்கு நான் மறுத்தேன். அவன் கல்லின்மேல் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டான். எட்டு வயதில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. காலணி மாட்டச் சொல்லும்போது அதில் ஒரு துளியும் இருக்காது. மனைவி நடுவராக இருந்து, மூன்றையும் ஒப்புக்கொள்ளச் சொன்னாள். ஒப்புக்கொண்டேன். அவன் என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, நான்கு முறை தட்டித் திருப்பித் தந்தான்.

வரைபடம் திறந்தது. நீலப் புள்ளி சற்று நடுங்கி நிலைத்தது. எங்கள் வண்டி நின்ற இடம் அந்த முச்சந்தியிலிருந்து 140 மீட்டர். வலப்பக்கப் புதருக்கு அப்பால் யாரோ வண்டிக் கதவை அடித்துச் சாத்தும் ஓசை நெடுநேரமாகவே கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அப்பா வடக்கைத் தேடிக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்யவேண்டாம் என்று இருந்துவிட்டதாகவும் பெரியவள் பிறகு தெரிவித்தாள்.

வண்டியில் யாரும் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அறிக்கையைச் சாதனவாரியாகப் பிரித்துக் காட்டினாள். அப்படிப் பிரிக்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி. 5 மணி 20 நிமிடத்தில் பிள்ளைகளின் கையடக்கக் கணினி 1 மணி 35 நிமிடம், அதையும் இருவர் பங்கிட்டுக்கொண்டது. மீதி 3 மணி 45 நிமிடம் என் கைப்பேசி. அலுவலக வேலை என்று சொல்லிப் பார்த்தேன். அலுவலகம் நள்ளிரவு 12.40-க்குக் காணொளியிலா நடக்கிறது என்று கேட்டாள். மாதம் ஒருமுறை அந்த நள்ளிரவுக் காணொளிக்காக நான் அவளைத்தான் விசாரித்துவந்தேன். அவளும் ஒவ்வொரு முறையும் தான் இல்லை என்றுதான் சொல்லிவந்தாள். நான் நம்பியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிட்டுப் போய், கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்திக்கொண்டாள். அதற்குப் படீரென்று அடித்துச் சாத்தியிருக்கலாம்.

உடன்படிக்கையின்படி அன்று மாலையே புதிய விதி அமலுக்கு வந்தது. என் கைப்பேசிக்கு மட்டும் இரவு 9 மணிக்குப் பூட்டு. இதை நான் வேகமாக எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான். இப்போது மணி 8.51. புதிய எண்ணைச் சின்னவன் உணவு மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தினான். எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுபாவி, வாயில் தண்ணீரை நிரப்பிவைத்துக்கொண்டு அழுத்தினான்.