விரித்த வேட்டியில் விழுந்தவை

பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று சனிக்கிழமை காலை ஆறரைக்கே திருவான்மியூரில் பஸ் ஏறிவிட்டேன். பையில் தண்ணீர் பாட்டில், ஒரு கை லென்ஸ், அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டி இறங்கினால் மாமாவின் சவுக்குத் தோப்பு கால்மணி நேர நடை.

வேட்டி மரத்தடியில் விரிப்பதற்கு. கிளையைத் தட்டினால் மேலே குடியிருக்கும் பூச்சியும் சிலந்தியும் அதில் விழும். பூச்சியியலாளர்கள் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சிக்குள் பூச்சிமருந்துப் புகையை விட்டு, விழுந்தவற்றை எண்ணினார். வண்டுகள் மட்டுமே ஏறக்குறைய 1,200 இனம். அதை வைத்து, வெப்பமண்டலக் காடுகளில் பூச்சி, சிலந்தி முதலான கணுக்காலிகளில் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். பிறகு வந்தவர்கள் அந்த எண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் காடு என்றால் யானை, புலி என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை அந்தக் கட்டுரை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

தோப்பின் எல்லையில், அய்யனார் கோயிலை ஒட்டி ஒரு பெரிய புங்கமரம். புதுத் தளிர் விட்டிருந்தது. வேட்டியை விரித்து மூங்கில் கழியால் தட்டினேன்.

"மெதுவா தட்டு மாப்ளே, கோயில் மரம்" என்றார் மாமா.

முதலில் விழுந்தது முசுறு எறும்பு. விழுந்த வேகத்திலேயே என் கையைக் கடிக்க வந்தது. அப்புறம் பச்சைத் தத்துப்பூச்சிகள், இரண்டு பொறிவண்டு, செத்ததுபோல் காலை மடக்கிக்கொண்ட ஒரு கூன்வண்டு, கடுகைவிடச் சிறிய குளவிகள். ஒரு குதிக்கும் சிலந்தி வாயில் கவ்விய தத்துப்பூச்சியோடே விழுந்தது. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் அது பிடியை விடவில்லை. லென்ஸில் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலைச் சாற்றைத் தத்துப்பூச்சி உறிஞ்சுகிறது, தத்துப்பூச்சியைச் சிலந்தி தின்கிறது, சிலந்தியைத் தையல்சிட்டு கொத்திப் போகிறது. வெயிலை இலை உணவாக்கியதும் அது இப்படித்தான் கைமாறி மேலே ஏறுகிறது. எல்லாவற்றையும் அடிமரத்திலேயே திருப்பி விட்டேன்.

பிறகு சவுக்குக்குள் போனோம். பத்து மரம் தட்டினேன். சருகு, சில எறும்பு, இரண்டு குட்டிச் சிலந்தி, ஒரு அந்துப்பூச்சி. அவ்வளவுதான். பட்டைத் துளைப்பான் புழு கட்டிய தூள் கூட்டை மாமா ஒரு மரத்தில் காட்டினார். இவை நாலைந்து வருடத்தில் வெட்டப்படும் மரங்கள். உச்சியில் ஒரு கூட்டம் கூடி வாழ அவகாசமே இல்லை.

நான் செய்தது ஆய்வு அல்ல. மழைக்காட்டை அழித்து நட்ட தோப்பும் அல்ல இது. சென்னைக் கரையில் முன்பு இருந்தவை உலர் பசுமைமாறாக் காடும் முட்புதரும்தான். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டியில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஆனால் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்த சுமத்ரா ஆய்வு, வேட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களும் 2012 முதல் சுமத்ராவின் ஜாம்பி மாகாணத்தில் மழைக்காட்டையும் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துவருகின்றன. 2024இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த கட்டுரை என்னைத் தூங்கவிடவில்லை. காட்டை அழித்தால் விலங்குகளின் வழியே உணவாக ஓடும் ஆற்றல் மொத்தமாகக் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குறையவில்லை. தோட்டத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு ஓடுகிறது, ஆனால் வேறு வயிறுகளுக்குப் போகிறது. மழைக்காட்டில் அதில் 90 சதவீதத்துக்கு மேல் மண்ணிலும் மர உச்சியிலும் வாழும் கணுக்காலிகள் வழியாகப் போகிறது. தோட்டங்களில் பாதிக்கு மேல் மண்புழுக்களுக்கு. உச்சியில் பூச்சிக்கும் பறவைக்கும் போவது குறைந்துவிடுகிறது. மண்ணுக்குள் வேட்டையாடும் உயிர்களுக்குப் போவது 90 சதவீதம்வரை விழுந்திருக்கிறது.

"மண்புழு இருந்தா நல்லதுதானே?" என்று மாமா கேட்டார். நெல் பயிரிட்டவர், அவர் கேள்வி நியாயமானது. வயலில் நல்லதுதான். ஆனால் சுமத்ராவின் தோட்டங்களில் அவை மண்ணில் சேர்ந்த பழைய மக்கைத் தின்கின்றன. அதே தோட்டங்களில் மண்ணின் கார்பன் இருப்பும் கரைந்திருக்கிறது. பச்சையாக நிற்கும் தோட்டத்தைப் பார்த்து இதுவும் காடுதானே என்று இனி என்னால் சொல்ல முடியாது.

மதியம் அத்தை அப்பளம் பொரித்தார். ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். உலகிலேயே அதிகம் பாமாயில் வாங்கும் நாடு நம்முடையது, பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அந்த மலிவு விலை இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளில் அடுப்பில் சட்டி ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை, இரண்டு அப்பளம் சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் மாமாவிடம் ஜாம்பியின் இன்னொரு சோதனையைச் சொன்னேன். அங்கே ஒரு பெரிய எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் 52 இடங்களில் மரத் திட்டுகள் வைத்தார்கள். உயிரினங்கள் பெருகின, தோட்டத்தின் மகசூல் குறையவில்லை. இங்கேயும் புங்கமரத்தை ஒட்டி ஒரு மூலையில் நாவலும் இலுப்பையும் வைக்கலாமா?

"ஆடு மேஞ்சிடும். வேலி போடணும்" என்றார்.

வேலிச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கன்றுகளோடு வருகிறேன்.