கால் ஆடும் கதிரை

1976இல் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த இல்லங்களுக்கிடையிலான நாடகப் போட்டியில் எங்கள் இல்லத்துக்கு நாலாம் இடம். போட்டியிட்ட இல்லங்களும் மொத்தம் நாலுதான்.

எங்கள் நாடகம் ஒரு திவச வீடு. கொழும்பிலிருந்து அண்ணனும் அண்ணியும் வருகிறார்கள், கண்டியிலிருந்து அக்காவும் அத்தானும். ஊரில் நின்று, படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்ப்பவள் கடைசித் தங்கை. ஐயர் வரப் பிந்துகிறது. அதற்குள் காணிக்கதை தொடங்கிவிடுகிறது. பெண் வேடமெல்லாம் நாங்களேதான். விடுதியில் இரவல் வாங்கிய நாலு கதிரைகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். வீட்டு மாப்பிள்ளைக்கு நல்ல கதிரையைத் தூசு தட்டிக் கொடுப்பதுதான் நம்மூர் வழக்கம். நாங்கள் அத்தானை அந்த ஆட்டக் கதிரையில் இருத்தினோம். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, “நான் ஒண்டும் கேக்கேல்லை, அந்தக் கிணத்தடிக் காணியை மட்டும்...” என்று தொடங்கும் போதெல்லாம் கதிரை ஒரு பக்கம் சரியும். வசனம் பாதியில் நிற்கும். மூன்றாம் முறை சரிந்தபோது மண்டபத்தின் பின் வாங்குகளில் பெடியள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

முதலிடம் அட்டை வாள்களோடு வந்த ஒரு சரித்திர நாடகத்துக்குப் போனது. நடுவராக வந்த ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நல்லாச் சிரிச்சம். ஆனா தம்பிமார், நாடகம் எண்டால் அதிலை ஒரு விசயம் இருக்கவேணும்.” கதிரையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு அன்றிரவு அவரை நாங்கள் திட்டாத திட்டு இல்லை.

அப்புறம் 32 வருடங்கள். நாடு மாறியது, தலைமயிர் போனது. 2008இல் ஒருநாள் மகள் வந்து, “அப்பா, லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ‘த நோர்மன் கொன்குவெஸ்ட்ஸ்’, சனிக்கிழமை முழுக்க, மூன்று நாடகம்” என்றாள். பெயரைக் கேட்டதும் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த 1066, வில்லியம் மன்னன், ஹேஸ்டிங்ஸ் யுத்தம் என்று பள்ளிக்கூடச் சரித்திரப் பாடம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பவும் அட்டை வாளா என்று அலுத்துக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் அது எங்கள் திவச வீடு! திவசம் ஒன்றுதான் இல்லை. மாடியில் படுக்கையில் அம்மா. அவரைப் பார்த்துக்கொண்டு கலியாணமாகாமல் நிற்கும் கடைசி மகள் ஆனி. அவளுக்கு ஒரு வார இறுதி ஓய்வு கொடுக்க அண்ணன் ரெஜ்ஜும் அண்ணி சாராவும் வந்து இறங்குகிறார்கள். ஆனி களவாகப் புறப்படத் திட்டமிட்டிருப்பதோ சொந்த அத்தானோடு. அந்த அத்தான்தான் நோர்மன். ஹேஸ்டிங்ஸில் அறை கிடைக்காமல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் பதிவு செய்த மகாவீரன். பயணம் குழம்பி, எல்லாரும் ஒரே வீட்டில் திங்கள் காலை வரை மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரே வார இறுதியைத்தான் இங்கிலாந்து நாடகாசிரியர் அலன் எய்க்போர்ன் மூன்று நாடகமாக எழுதியிருக்கிறார்: ஒன்று சாப்பாட்டறையில், ஒன்று இருப்பறையில், ஒன்று தோட்டத்தில். ஒன்றில் கதவைத் திறந்து வெளியேறுபவர் இன்னொன்றில் உள்ளே வருவார்.

சாப்பாட்டறைக் காட்சியில் சாரா யார் எங்கே இருப்பது என்று ஒழுங்கு படுத்தப் பாடாய்ப் படுகிறாள். ஆனியைக் கட்டுவதா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசிக்கும் மிருக வைத்தியர் டொம்முக்குக் கடைசியில் கிடைப்பது உயரம் குறைந்த ஒரு கதிரை. நாடி மேசை விளிம்பில் முட்ட, முகம் மட்டும் தெரிய இருந்துகொண்டு கௌரவமாகச் சாப்பிடுகிறான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. மகள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

இந்த நாடகம் 1973இல் முதலில் மேடையேறியது ஸ்காபரோவில். கனடாவில் அதே பெயருள்ள இடத்தில் இருக்கும் நம்மவர் துள்ளிக் குதிக்க வேண்டாம், இது இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கடற்கரை. விடுமுறைக்கு வருகிற சனம் மூன்றையும் பார்க்குமென்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றும் தனியே நிற்கும்படி எழுதப்பட்டது. இப்படி எழுதிய எய்க்போர்னை லண்டன் விமர்சகர் பலர் வெகுகாலம் பொழுதுபோக்குக்காரர் என்றுதான் வைத்திருந்தார்கள்.

நாலாம் இடக்காரன் எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. லண்டன் பத்திரிகையான ஈவினிங் ஸ்டாண்டர்டின் நாடக விருதில் ‘சிறந்த நாடகம்’, ‘சிறந்த நகைச்சுவை’ என்று அப்போது இரண்டு தனித்தனிப் பரிசுகள். 1973இல் எய்க்போர்னின் வேறொரு நாடகத்துக்குக் கிடைத்தது ‘சிறந்த நகைச்சுவை’. சிரிக்க வைத்தாயா, சரி, இந்தப் பக்கம் வந்து நில் என்கிற மாதிரி. அடுத்த வருடம் நோர்மனுக்குக் கிடைத்ததோ ‘சிறந்த நாடகம்’. நகைச்சுவைப் பரிசு இன்னொரு நாடகாசிரியர் டொம் ஸ்டொப்பார்டுக்குப் போனது. சிரிப்பு குறைந்ததாலா? இல்லையே. 1983இல் கார்டியன் விமர்சகர் மைக்கேல் பில்லிங்டன் எய்க்போர்னைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு ருஷ்ய நாடகாசிரியர் செக்கோவோடு ஒப்பிட்டு எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. நான் பார்த்த அந்தத் தயாரிப்பு நியூயோர்க் போய், 2009இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான அமெரிக்க நாடக விருதான டோனியும் வாங்கியது. பத்திரிகைகள் அதைக் கொண்டாடியபோது எங்களைப் பாராட்டியது போல நான் வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எங்கள் நடுவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் அம்மாவை மேடையிலேயே கட்டில் போட்டுக் கிடத்தி, கண்ணீர் வரட்டும் என்று இருமவும் விட்டோம். கடைசியில் அண்ணன் முன்னுக்கு வந்து ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் வேறு. எய்க்போர்ன் அந்த அம்மாவை மூன்று நாடகத்திலும் ஒருதடவைகூடக் காட்டவில்லை. மேலே கிடக்கிறார் என்பது நமக்குத் தெரியும், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டோடு ஆனி மேலே போய்க் கீழே வரும்போது அவளது வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. எங்கள் தங்கச்சிக்கு நாங்கள் கொடுத்தது இரண்டே வசனம். இரண்டும் தேத்தண்ணி பற்றியது.

அந்தத் தயாரிப்புக்காக ஓல்ட் விக் அரங்கையே மாற்றி, சனம் மேடையைச் சுற்றி இருக்கும்படி செய்திருந்தார்கள். நடிகருக்கு அப்பால் எதிர்ப்பக்கத்தாரின் முகம் தெரியும். எனக்கு நேரே ஒரு வெள்ளைக்காரர், எழுபது வயதிருக்கும். டொம்மின் கதிரைக்கு வயிற்றைப் பிடித்துச் சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் ஆனி உடைந்துபோனபோது சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்து ரையால் துடைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் ஒரு பார்வை, பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பார்வையை நான் முன்னரே கண்டிருக்கிறேன். 1976இல் அண்ணி வேடத்தில் சேலை இடறிக்கொண்டு மேடையில் நின்றபோது, முன்வரிசையில் எங்கள் நடுவர். கதிரை மூன்றாம் முறை சரிந்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது. சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த அதிபரைக் கடைக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையைத் திறந்து, எங்களுக்குப் புள்ளி எழுதினார்.