மல்லி மொட்டை வரைதல்

மூன்று வாரமாக ஒரே ஒரு மல்லிகை மொட்டை நீர்வண்ணத்தில் வரையப் பார்க்கிறேன். மாட்டுத்தாவணியில் விடியற்காலையில் நூறு கிராம் உதிரிப்பூ வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, அதில் காம்பு நீளமான ஒன்றை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், பென்சில் கோடு முடிவதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது. சாயங்காலம் பார்த்தால் மொட்டே மலர்ந்திருக்கிறது. "ஏய்யா, தலைக்கு வைக்கிற பூவை இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி?" என்று அத்தைக்குத் தாங்கவில்லை.

இந்த ஆசையைக் கிளப்பியவர் ழாக் லெ முவான். பிரான்சின் தியெப் துறைமுகத்துக்காரர். 1564இல் ஃபுளோரிடாவுக்குப் போன பிரெஞ்சுக் கூட்டத்தில் ஓவியராகப் போய், அடுத்த வருஷமே ஸ்பானியர்கள் கோட்டையைத் தாக்கியபோது உயிர் தப்பியவர். கத்தோலிக்க பிரான்சில் புராட்டஸ்டண்டாக இருந்ததால் பின்னாளில் லண்டனில் குடியேறினார், 1588இல் அங்கேயே இறந்தார். அத்தனை ரத்தத்தைப் பார்த்த மனிதர் ஆப்பிளையும் பேரிக்காயையும் ரோஜாவையும் அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்! அந்தப் படங்களில் ஒரு தொகுதியை இப்போதைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 1856இல் வாங்கியது, அதுவும் அழகான தோல் அட்டைக்காக. உள்ளே இருப்பது யார் கை என்று 1922இல்தான் தெரிந்தது. 66 வருஷம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

அவருக்கும் முன்னால், 1503இல், ஜெர்மன் ஓவியர் ட்யூரர் வரைந்த புல்தரை வியன்னாவின் ஆல்பர்டினா மியூசியத்தில் இருக்கிறது. ஒரு முழத்துக்கும் குறைவான காகிதம், அதில் புல்லும் களையும் அடியில் சேறும் மட்டும்தான். டேன்டிலையன் என்கிற மஞ்சள் களைப்பூக்கள் மூடிக் கிடக்கின்றன. வேறு யாராவது என்றால் அழகுக்காகவாவது ஒன்றை விரித்து வைத்திருப்பார்கள், இவர் கண்டதைத்தான் வரைந்தார். அதைப் பார்த்த பிறகு வைகைக் கரையில் அருகம்புல்லையும் நெருஞ்சியையும் மிதித்துப் போக எனக்குக் கால் வரவில்லை.

சரி, மொட்டுக்கு வருகிறேன். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பூ என்பதுதான் பெரிய கஷ்டம். அந்தக் கால ஓவியர்கள் காகிதத்தையே வெள்ளையாக விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஈய வெள்ளையைக் கெட்டியாக வைப்பார்கள். வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது வேலம்பிசின், நம் கருவேல மரத்தில் வடிகிறதே, அந்த வகைதான். ஆனால் உற்றுப் பார்த்தால் மல்லி மொட்டில் வெள்ளை கொஞ்சம்தான். காம்புப் பக்கம் இளம்பச்சை, நிழல் விழும் பக்கம் நீலம் கலந்த சாம்பல், நுனியில் மட்டும்தான் சுத்த வெள்ளை. இது பிடிபடவே எனக்கு ஐந்து தாள் ஆனது.

நேற்று எடுத்த மொட்டில் விரல் அழுந்திய இடம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. வேறு மொட்டு எடுக்காமல் அந்தப் பழுப்பையும் சேர்த்தே வரைந்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அடிபட்ட மொட்டுய்யா. பூக் கட்டுறப்ப இதைத் தள்ளிருவேன்."