பென்னட்டும் என் இளைப்பும்

அக்டோபர் 19

மழை. இளைப்பு. அண்ணனிடமிருந்து போன் இல்லை.

அக்டோபர் 21

படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தபடியே ஆலன் பென்னட்டைப் பற்றிப் படிக்கிறேன். 1872-இல் லண்டனில் பிறந்தவர், கோல்டன் டான் என்ற மந்திரக் குழுவில் பெரிய ஆள், பேர்போன ஆங்கில மந்திரவாதி அலைஸ்டர் க்ரௌலிக்கே ஆசான். கடும் ஆஸ்துமா. அபின், மார்ஃபின், கோகெயின், குளோரோஃபார்ம் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே உயிரைப் பிடித்து வைத்திருந்தவர். அவரைக் குணப்படுத்த க்ரௌலியும் இன்னொரு நண்பரும் சேர்ந்து பூயர் என்ற ஆவியை அழைத்துப் பார்த்தார்களாம். எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. ஆஸ்துமா அப்படியே இருந்தது.

அக்டோபர் 24

பென்னட் ஒரு கண்ணாடிக் கோலை எப்போதும் கூடவே வைத்திருந்தாராம். ஒரு விருந்தில் தியோசஃபிகாரர் (பிரம்மஞான சபைக்காரர்) ஒருவர் அதன் சக்தியை நம்பாமல் பேச, பென்னட் கோலை நீட்ட, ஆள் பழைய நிலைக்கு வர 14 மணி நேரம் ஆயிற்று என்று க்ரௌலி எழுதியிருக்கிறார். க்ரௌலி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனாலும் அந்தக் கோல் இன்று என் கையில் இருந்தால் யார் பக்கம் நீட்டுவேன் என்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 25

பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ப்ளாவாட்ஸ்கி 1888-இல் எழுதியது: சக்தி ஒன்றுதான், அதைக் கருப்பு மந்திரமாக்குவதும் வெள்ளை மந்திரமாக்குவதும் நோக்கம் மட்டுமே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கம் நல்லது என்று யார் சான்றிதழ் தருவது? அண்ணனும் தன் நோக்கம் நல்லது என்றுதான் சொல்கிறான், எல்லாம் குடும்பத்துக்காகவாம்.

அக்டோபர் 28

அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் நிலப் பத்திரத்தின் பிடிஎஃப். கூட ஒரு வார்த்தை இல்லை. மூச்சு எப்படி இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 29

பௌத்தத்தின் எண்வழிப் பாதையில் இரண்டாவது படி நல்லெண்ணம். புத்தர் அதற்குச் சொல்லும் மூன்றுமே விடுகிற காரியங்கள்: ஆசையை விடு, பகையை விடு, இம்சையை விடு. இதை அடைவேன், அதைச் சாதிப்பேன் என்ற சங்கதியே இல்லை. மஜ்ஜிம நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பின் 19-ஆம் உரையில் அவர் தன் எண்ணங்களை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்த கதை வருகிறது. பகை எண்ணம் எழுந்தால் அதை அடக்கப் பாய்வதில்லை, இது எனக்கும் கேடு, பிறருக்கும் கேடு என்று பார்க்கிறார், அது அடங்கிவிடுகிறது. பயிர் முற்றியிருக்கும் மாதத்தில் மாடு மேய்ப்பவன் கோலால் தட்டித் தட்டி மாட்டைத் திருப்புவான், அறுவடை முடிந்தபின் மரத்தடியில் உட்கார்ந்து மாடுகள் இருக்கின்றன என்று நினைவில் வைத்திருந்தால் போதும். என் வயலில் அறுவடை எப்போது?

எனக்குப் பிடித்த இடம் வேறு. நல்ல எண்ணத்தைக்கூட இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் தப்பில்லை, ஆனால் உடம்பு களைத்துப்போகும் என்கிறார். மணி மூன்று. சரி, ஐயா.

நவம்பர் 2

வெயில்! இன்ஹேலர் பஃப் இல்லாமல் மாடிப்படி ஏறினேன்.

1900-இல் பென்னட் இலங்கைக்குப் போகிறார், மூச்சுக்காகவும் பௌத்தத்துக்காகவும். கொழும்பில் அவருக்கு வேலை கொடுத்தவர் நம் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர. சைவரான அவரிடமே யோகமும் கற்றார். 1901 கடைசியில் பர்மாவின் அக்யாபில் பௌத்தத் துறவியின் துவராடை, பிறகு ஆனந்த மெத்தேய்யா என்ற பெயர். கோல் என்ன ஆயிற்று என்று எங்கும் காணோம்.

க்ரௌலி வேறு பக்கம் போனார். 1904, கெய்ரோ, ‘சட்ட நூல்’ (The Book of the Law) என்று ஒன்றை எழுதினார்: உன் சித்தம் எதுவோ அதைச் செய், அதுவே சட்டம். இதைப் புத்தருக்கு நேர் எதிர் என்று எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே நூலில், பலன்மேல் உள்ள வெறி நீங்கிய சித்தமே முழுமையானது என்றும் வருகிறது. இது இவ்வளவு கிட்டத்தில் இருப்பது எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் பகையை விடு என்பதற்கு அங்கே இடம் எங்கே? பலன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரை வெறுக்க முடியும். நான் செய்துகொண்டிருப்பதே அதுதான், நிலமும் வேண்டாம், அண்ணன் முகமும் வேண்டாம்.

நவம்பர் 5

மறுபடி நெபுலைசர். 1908 ஏப்ரலில் லண்டனில் தம்மம் சொல்ல வந்த பென்னட் அக்டோபரில் பர்மா திரும்பினார். 1914-இல் துவராடையையும் கழற்றும்படி ஆயிற்று. நல்லெண்ணத்துக்கு நுரையீரல் கணக்குத் தெரியாது போல.

நவம்பர் 6

கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9

அண்ணி போன் செய்தார். அண்ணன் நாளைக் காலை பஸ்ஸில் வருகிறானாம். பத்திரத்தோடா, சும்மாவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின் அறையில் பாய் போட வேண்டும், அந்தத் தூசிதான் எனக்கு ஆகாது