இசப்கோல் போட்டும் வயிறு இளகவில்லையா?

மலச்சிக்கல் என்று சொன்னதும் எல்லோரும் சொல்வது மூன்றுதான்: நார்ச்சத்து சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, நட. மூன்றும் தப்பில்லை. ஆனால் எந்த நார், எவ்வளவு தண்ணீர், எந்த வேகத்தில் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் பலருக்கு ஒரே வாரத்தில் வயிறு உப்பி, வாயு பிடித்து, "இதெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்று பழையபடி பேதி மாத்திரைக்கே போய்விடுகிறார்கள்.

முதலில், இருப்பது மலச்சிக்கல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு தடவை போயே ஆகவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நாளுக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்பு. எத்தனை தடவை என்பதைவிட எப்படி வருகிறது என்பதே சரியான சாட்சி. மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோல் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. புழுக்கை போலத் தனித்தனி உருண்டைகளாக வந்தால் 1, உருண்டைகள் ஒட்டிக் கட்டியாக வந்தால் 2. இவை இரண்டும்தான் மலச்சிக்கல். 3, 4 நல்ல நிலை. 5-க்கு மேல் இளகிக்கொண்டே போய் 7-இல் வெறும் நீர். வாரத்துக்கு நான்கு தடவைதான் போகிறீர்கள், ஆனால் 4-ஆம் வகையாக, முக்காமல் போகிறது என்றால் உங்களுக்கு மருந்தே வேண்டாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, கடும் வயிற்றுவலியோடு வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலறை வைத்தியத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இனி நார். எல்லா நாரும் ஒரே வேலை செய்வதில்லை, குழப்பம் தொடங்குவதே இங்கேதான். கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார், கொரகொரப்பாக இருந்தால் குடலின் உட்சுவரை உரசி நீரையும் சளியையும் சுரக்க வைக்கும். அதையே மாவு போல நைசாக அரைத்தால் அந்த உரசல் போய்விடும். மலத்தில் வெறும் காய்ந்த பொருளாகச் சேர்ந்து இன்னும் கெட்டியாக்கக்கூட செய்யும். சிக்கரி வேர் போன்றவற்றிலிருந்து எடுக்கும் இனுலின் போன்றவை கரையும் நார்தான், ஆனால் பெருங்குடலுக்குள் போனதும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். கடைசியில் மிஞ்சுவது வாயுதான், மலத்தில் நீரைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. "நார்ச்சத்து சேர்த்தது" என்று பொட்டலத்தில் போட்டிருக்கும் பல பொருட்களில் இந்த வகைதான் இருக்கிறது. இசப்கோல் என்ற விதையின் மேல்தோலான உமியின் சிறப்பு வேறு: நீரில் ஊறிக் கூழாகிவிடும், பாக்டீரியாவாலும் அதை எளிதில் சிதைக்க முடியாது. பிடித்த நீரை விடாமல் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அப்படியிருந்தும் இசப்கோல் தோற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் எடுக்கும் விதம்தான். அரைக் குவளை நீரில் கலந்து, கூழாகும் வரை வேடிக்கை பார்த்துவிட்டு, கரண்டியால் வழித்து விழுங்குகிறார்கள். சரியான முறை இது. பெரிய குவளையில் 250 மில்லி நீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி உமியைத் தூவிக் கலக்கி, உடனே, நீராக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் தாமதித்தாலே கெட்டிப்படும். குடித்ததும் மேலே இன்னொரு குவளை நீர். அதன் பிறகு உடனே படுக்கக் கூடாது. உலர்ந்த உமியை வாயில் போட்டு நீர் ஊற்றி விழுங்கவே கூடாது. உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் பாதை குறுகிப்போனவர்கள் இசப்கோலை எந்த வடிவிலும் தொட வேண்டாம்.

முதல் நான்கைந்து நாள் தினம் ஒரு தேக்கரண்டி போதும். பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று. அதற்குப் பிறகு வாரம் ஒரு தேக்கரண்டி வீதம் ஏற்றி, நாளுக்கு 10 கிராம் வரை போகலாம். முழு உமியில் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். பொடியாக அரைத்தது அதே கரண்டியில் கூடுதல் எடை நிற்கும் என்பதால், பொடி வாங்குபவர்கள் ஒரு தடவையாவது தராசில் போட்டுப் பார்ப்பது நல்லது. முதல் பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும். முழுப் பலனுக்கு நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். இரவு குடித்துவிட்டுக் காலையில் எதிர்பார்ப்பவர்கள், பேதி மருந்தின் கணக்கை இதில் போடுகிறார்கள்.

வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அவற்றுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கூழோடு சேர்ந்து மாத்திரையும் உறிஞ்சப்படாமல் போய்விடலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும் குறையும். முதல் வாரங்களில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அதிகம் கவனிக்கப்படாதது. பல நாள் போகாமல் மலக்குடலில் ஏற்கனவே கட்டி இறுகிக் கிடக்கிறது என்றால், அந்த நேரத்தில் இசப்கோலைத் தொடங்கக் கூடாது. முன்னால் வழி அடைத்திருக்கும்போது பின்னால் பொதி சேர்த்தால் வலியும் உப்புசமும்தான் கூடும். முதலில் மருத்துவர் சொல்லும் மருந்திலோ எனிமாவிலோ அதைக் கழித்துவிட்டு, பிறகு நாருக்கு வாருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. குடிப்பது, சுரப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். மற்றதையெல்லாம் குடல் உறிஞ்சிவிடும். ஆகவே உடலில் நீர் போதுமான அளவு இருப்பவர் கூடுதலாக இரண்டு லிட்டர் குடித்தால் சிறுநீர்தான் கூடும். நீரைப் பிடித்துவைக்க நார் இருந்தால்தான் அந்த நீர் மலத்துக்கு உதவும். மாறாக, நீர் குறைவாகக் குடிப்பவர் நாரை மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

உணவில் நாருக்கான இலக்கு பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது. வேகவைத்த பருப்பு ஒரு கப் ஏறக்குறைய 15 கிராம், கொண்டைக்கடலை 12, தோலோடு ஒரு பேரிக்காய் 5, நடுத்தர வாழைப்பழம் 3 கிராம் தரும். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு ஒரு கப்பில் ஒரு கிராம்கூட இல்லை. இப்போது 12 கிராம் சாப்பிடுபவர் நாளையே 30-க்குத் தாவக் கூடாது. வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். குடல் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும், இல்லாவிட்டால் வாயு பின்னி எடுத்துவிடும்.

பழங்களில் தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. உலர்ந்த பிளம் பழத்தில் நாரோடு சார்பிடால் என்ற சர்க்கரைப் பொருளும் இருக்கிறது, 100 கிராமுக்கு ஏறக்குறைய 15 கிராம். அது முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் நீரை இழுக்கும். காலை 50, மாலை 50 கிராம் என்று மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. நார் அளவு சமமாக இருந்தும் இசப்கோலைவிட இந்தப் பழம் நன்றாக வேலை செய்தது. 100 கிராமில் 240 கலோரி இருப்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று பச்சைக் கிவி, நாளுக்கு இரண்டு. வயிறு உப்பும் என்று இசப்கோலை வெறுப்பவர்களுக்கு முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

நிலாவாரை இலை, விளக்கெண்ணெய் இரண்டையும் "இயற்கை" என்ற ஒரே காரணத்துக்காக உணவுக் கணக்கில் சேர்ப்பது தவறு. இரண்டும் மருந்துகளே. நிலாவாரையில் உள்ள பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே அது குடலைத் தூண்டும். அதனால்தான் இரவு குடித்தால் 6 முதல் 12 மணி நேரம் கழித்து வேலை செய்கிறது. எப்போதாவது ஒரு நாள் எடுப்பதில் தப்பில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெருங்குடல் மொத்தமாகக் காலியானதும் மறுநாளோ அதற்கு மறுநாளோ கழிக்க ஒன்றும் இருக்காது. அதை மீண்டும் மலச்சிக்கல் என்று நினைத்து மறுபடியும் ஒரு குவளை. தினசரிப் பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. விளக்கெண்ணெய் கருப்பையையும் சுருங்க வைக்கும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், காலை உணவுக்குப் பிறகு அந்த அசைவு வலுவாக இருக்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போங்கள். மேலைநாட்டுக் கழிப்பறையில் உட்காருபவர்கள் காலடியில் ஒரு சாண் உயர முக்காலி வைத்து, முழங்காலை இடுப்பைவிட உயர்த்தி, லேசாக முன்னால் சாய்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகும். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எழுந்துவிடலாம். போனை வெளியே வைத்துவிட்டுப் போனால் இது தானாக நடக்கும்.

சாப்பிடும் மருந்துகளையும் ஒரு பார்வை பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்து, ஓபியம் வகை வலி மருந்து, ரத்த அழுத்தத்துக்கான வெரபமில் எல்லாமே குடலை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

இத்தனையும் நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும், மலம் 4-ஆம் வகையாக மெத்தென்று வந்தும், முக்கி முக்கித்தான் வெளியேறுகிறது, விரலால் உதவ வேண்டியிருக்கிறது என்றால் பிரச்சினை மலத்தில் இல்லை. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகிக்கொள்கிறது. இதற்கு நாரைக் கூட்டக் கூட்ட அவதிதான் கூடும். குடல் மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்தால், அந்தத் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் சிகிச்சை. பொதுவாகச் சில வாரங்களில் சில அமர்வுகளாக அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.