கோவை நாட்குறிப்பு: சம்மர் ஆஃப் கோட் விண்ணப்பம்

மார்ச் 2, 2025, ஞாயிறு
கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்பது திறந்த மூல அமைப்புகளுக்கு உதவித்தொகையோடு கோடு எழுதும் திட்டம். இந்த ஆண்டுப் பட்டியல் வியாழனன்று வந்தது, 185 அமைப்புகள். ஒருவர் மூன்று விண்ணப்பம் வரை போடலாம், கிடைப்பது ஒன்றுதான். ஒன்றுக்கே உழைப்பது மேல். பெயரைப் பார்த்து மயங்காமல், போன மாதம் புதியவர்களின் பேட்ச் (அனுப்பிய கோடுத் திருத்தம்) எத்தனை ஏற்கப்பட்டது, பதில் வர எத்தனை நாளானது என்று பாருங்கள்.

மார்ச் 6
ஹாட்ஸ்பாட்டில் பெரிய ரெப்போவை (திட்டத்தின் கோடும் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு) இறக்கினால் ஒரு நாள் டேட்டா காலி. கிட் கட்டளையில் டெப்த் 1 (கடைசி நிலை மட்டும்) போட்டால் சீக்கிரம் வரும்; ஆனால் பழைய வரலாறு வராது, ஒரு வரியை யார், ஏன் மாற்றினார்கள் என்று தேட முடியாது. கல்லூரி வைஃபையில் முழுசாக இறக்கிவிடுவதே நிம்மதி.

மார்ச் 12
முதல் பேட்ச்சுக்குத் தமிழ்த் தேடலே நல்ல வேட்டைக்காடு. 'கொங்கு' நமக்கு மூன்றெழுத்து; பைத்தான் மொழியில் லென் (நீளம்) கேட்டால் 6. 'ொ' ஒரே குறியாக இருந்தால்தான் அந்த 6. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் 'ெ', 'ா' என இரண்டாகத் தங்கிவிடுவதுண்டு, அப்போது 7. திரையில் இரண்டும் ஒரே மாதிரி, தேடினால் கிடைக்காது. தேடும் சொல், தேடப்படும் உரை இரண்டையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். சேமித்த கோப்பைத் தொடாதீர்கள். முதலில் தோற்கும் சோதனையை எழுதுங்கள், பிறகு திருத்தம்.

மார்ச் 16
600 வரிக் கோப்பில் இரண்டு வரி திருத்த, 600-உம் மாறியதாகக் காட்டுகிறது. ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் போடும் கண்ணுக்குத் தெரியாத குறிதான் காரணம். விஎஸ் கோடு எடிட்டரின் கீழ்வலது மூலையில் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வகை) என்றிருந்தால் எல்எஃப் (லினக்ஸ் வகை) ஆக்கிச் சேமியுங்கள். இதை அப்படியே அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அமைப்பின் வழிகாட்டிகளுக்கு எழுதும் கடிதத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' பாணி வேண்டாம். 'ங்க' போடாமல் பேச நம்மூர் நாக்கு கூசும்தான். அங்கே வெறும் பெயரே மரியாதை. 'ஏதாவது வேலை கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்த இஷ்யூவில் (பதிவான பிழையில்) இதுவரை இதைச் செய்து பார்த்தேன், இங்கே நிற்கிறது' என்று எழுதினால் பதில் வரும்.

மார்ச் 29
175 மணி நேரத் திட்டத்தை 12 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 15 மணிக்குக் கொஞ்சம் குறைவு. 350 என்றால் 29. செமஸ்டர் தேர்வுத் தேதிகளை மறைக்காமல் எழுதுங்கள். '1-ம் வாரம்: கோடு படிப்பேன்' என்பது திட்டமல்ல. '2-ம் வார முடிவில் இரு வடிவமும் தேடலில் பொருந்தும், சோதனையோடு' என்பதுதான் திட்டம். கட்டாயமானவை இடைமதிப்பீட்டுக்கு முன்னாலும், ஆசைப்பட்டவை பின்னாலும்.

ஏப்ரல் 7
விண்ணப்பக் கெடு நாளை யூடிசி (உலகப் பொது நேரம்) 18:00. நமக்கு இரவு 11:30, நடுநிசி அல்ல. பிடிஎஃப்பை இன்றே ஏற்றிவிடுங்கள், கெடுவரை மாற்றிக்கொள்ளலாம். நாளைக்குப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வேறு இருக்கிறது. ஏற்றியதை இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். தமிழ் எடுத்துக்காட்டுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு உள்ளே சேரவில்லை.

ஏப்ரல் 9
முடிவு மே 8-ல். தேடல் பேட்ச்சில் இரண்டு கேள்விகள் இன்னும் பதிலில்லாமல் நிற்கின்றன.